பாதரசம் இல்லாத டியூப்

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊரில் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்று நாம் கேட்க வேண்டும். "பொருந்திட்டன், எங்களுக்கும் துஆச் செய்யுங்க" என்று வீட்டுக்காரர் மன்னித்துவிடுவார். பிறகு பால் விடாத பிளேன்ரீ வரும். என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அது மரியாதையும் இல்லை. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நானும் என் மனைவி ஸும்ராவும் தொடங்கினோம். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீடு விடவில்லை. எத்தாளையில் நிஸ்மியாவின் வீட்டை மட்டும் நான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த வீட்டில் நான் செய்ததற்குப் பெயர் பிழை இல்லை, களவு. கையால் செய்யாமல் வாயால் செய்த களவு. அதைச் சொல்வதற்கு முன் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெயர் நளீம். வீட்டு வயரிங் செய்வேன், தோட்டங்களில் தண்ணீர் மோட்டர் எரிந்தால் கழற்றிக் கட்டிக் கொடுப்பேன். இந்தக் கரையில் வெங்காயமும் மிளகாயும் காயாமல் இருப்பதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்வதில்லை.

பைத்தியம் என்னவென்றால், பழைய டியூப் பல்ப் சேர்ப்பது. டியூப் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது நாலடி வெள்ளை லைட். அதற்குள் பாதரசம் இருக்கும், கண்ணாடியின் உட்புறம் வெள்ளைத் தூள் பூசியிருக்கும், எரிய வைக்கச் சோக் வேண்டும். நான் சேர்ப்பது அது இல்லை. குண்டு பல்பைப் பிடித்து இழுத்து நீட்டினால் எப்படி இருக்குமோ அது. ஒரு சாண் நீளமும் உண்டு, ஓரடிக்கு மேலும் உண்டு. உள்ளே முனைக்கு முனை ஒரு கம்பி இழை, வெளியே பித்தளைத் தொப்பி. கரண்ட் போனால் இழை சூடேறி மஞ்சளாக எரியும், வேறு மாயம் ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் பணக்கார வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள்ளும், சலூன் கண்ணாடியின் இரண்டு பக்கமும், கப்பல் கட்டிலின் தலைமாட்டிலும் இதைத்தான் பூட்டினார்கள். இப்போது கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

கண்டுபிடிப்பதில்தான் என் கெட்டித்தனம். தெளிந்த கண்ணாடி என்றால் சின்னப் பிள்ளையும் இழையைப் பார்த்துச் சொல்லிவிடும். உள்ளே வெள்ளை பூசிய சாதி ஒன்று இருக்கிறது, அது கைதேர்ந்த வயரிங் பாஸ்மாரையும் ஏமாற்றிவிடும். பார்த்தால் அசல் நாலடி லைட்டின் குட்டி. அதற்கு நான் இரண்டு சோதனை செய்வேன். போன் டோர்ச்சைப் பின்னால் பிடித்தால் இழையின் நிழல் மெல்லிய கோடாகத் தெரியும். மீற்றரின் இரண்டு கம்பியையும் இரண்டு முனையில் வைத்தால் ஊசி எழும்பும். பாதரச டியூப் என்றால் முனைக்கு முனை எதைப் பிடித்தாலும் ஊசி அசையாது. அதற்குப் பிறகு தொப்பியில் அடித்த எழுத்து, ஒட்டிய பசையின் நிறம், இழையைத் தாங்கும் கொக்கிகள் எத்தனை என்று பார்த்து, எந்தக் காலத்துச் சாமான் என்பதைப் பத்து வருடம் முன்பின்னாகச் சொல்லிவிடுவேன்.

வீட்டில் முப்பத்தெட்டு இருந்தது. ஒவ்வொன்றையும் பஞ்சு சுற்றி, தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி, மேலே எழுதி வைத்திருக்கிறேன். "மத்த ஆம்புளைக்குக் காசுப் பைத்தியம், காணிப் பைத்தியம். எனக்கு வாச்சதுக்கு எரிஞ்ச பல்ப் பைத்தியம்" என்று ஸும்ரா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். எரிந்தது ஆறு மட்டும்தான், மிச்சம் முப்பத்திரண்டும் எரியும் என்று நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

போன நோன்புக்கு முதல் வாரம் நிஸ்மியாவின் வீட்டுக்கு வயரிங் மாற்றப் போனேன். அவள் புருசன் ஜபார் கடலுக்குப் போயிருந்தார். பிரசவத்துக்கு வந்த மகள் அங்கேயே தங்கிவிட்டதால், அவளுடைய தவழுகிற பிள்ளை வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் றிப்னாஸ் வேலைக்குப் போயிருந்தான். பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கற்பிட்டியில் மீன்பிடி பைபர் போட் செய்கிற யார்ட்டில் அவனுடைய கை வேலைக்கு நல்ல பெயர்.

முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. ஜபாரின் வாப்பா ஒரு தென்னந்தோட்டத்துப் பங்களாவில் காவலாளியாக இருந்தவர். பங்களா கைமாறியபோது துரை வீட்டுச் சாமான் என்று கொடுத்தார்களாம். அதன் உள் ஓரங்களில் ஓரடி நீளத்தில் மூன்று வெள்ளை டியூப். நாலாவது இடத்தில் ஹோல்டர் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் டோர்ச்சைப் பிடித்தேன். நிழல் விழுந்தது. மீற்றரை வைத்தேன், மூன்றிலும் ஊசி எழும்பியது. தொப்பி இரண்டு முனையிலும் இல்லாமல் முதுகுப் பக்கத்தில் இருந்தது. அந்த மாதிரி என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"தங்கச்சி, இத எனக்குத் தாங்க. புதுசா எல்ஈடி பூட்டித் தாறன்" என்றேன்.

"ஏலா நானா. மாமா கொண்டுவந்து வச்சது. பெருநாளைக்கு ஒரு தரம் போட்டுப் பாப்பம். இவருக்கு அது வேணும்."

காசு தருகிறேன் என்றேன். அண்ணனிடம் சொல்வதைப் போல, வேண்டாம் நானா என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிள்ளை தவழ்ந்து வந்து அலுமாரியின் காலைப் பிடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அப்ப ஒரு விசயம் சொல்லணும். இது பாதரசம் உள்ள டியூப். பழைய காலத்துது, இப்பத்தயத விட மிச்சம் கூட. உடைஞ்சா நஞ்சு. புள்ள உள்ள வூட்டுல வைக்கப்படாது."

எந்த டியூப்பில் பாதரசம் இல்லை என்று இந்த மாவட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். அந்த அறிவை வைத்தே பொய் சொன்னேன்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "உடைஞ்சா என்ன செய்யும் நானா?"

கெட்டிக்காரனிடம் கேள்வி கேட்டால் சும்மா இருப்பானா? போனில் எப்போதோ வாசித்ததெல்லாம் வந்தது. நரம்பைத் தாக்கும், கண்ணுக்கும் காதுக்கும் ஆகாது, வயிற்றில் பிள்ளை இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்கும், ஆவியாய்ப் போவதால் கண்ணுக்குத் தெரியாது. அவள் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நான் அதைக் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

"கொண்டு போங்க. இப்பவே கொண்டு போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஆடிய நாடகத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது. முகம் துடைக்கிற லேஞ்சியை மூக்கில் கட்டினேன். ரப்பர் கையுறை போட்டேன். பிள்ளையை வெளியே கொண்டு போகச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் சுற்றி, வெடிகுண்டு தூக்குகிறவனைப் போல மெதுவாக நடந்து போய்ப் பைக் பெட்டியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று இலக்கம் எழுதியபோது விசிலடித்தேன் என்று ஸும்ரா சொன்னாள்.

எட்டு மாதம் கழித்துப் பொருத்தம் கேட்க அந்த வீட்டுக்குத் தனியாகப் போனேன். ஸும்ராவுக்கு மூட்டு வலி, நீ இரு என்றேன். அவளுக்கு மூட்டு வலி இருந்தது உண்மைதான். ஆனால் அவளை விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் அது இல்லை.

நிஸ்மியா மெலிந்திருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொல்ல வேண்டியதைச் சொன்னேன், தெரிந்தோ தெரியாமலோ என்று. "தெரிந்தோ" என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியதாக எனக்கு ஞாபகம். அது ஏதோ பெரிய நேர்மை என்று நினைத்தேன்.

"பொருந்திட்டன் நானா. நீங்க எங்களுக்கு நல்லதுதானே செஞ்சீங்க" என்றாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு துஆக் கேக்கணும். மக்காவுல வச்சு எனக்குப் பாவமன்னிப்புக் கேளுங்க. என்ட பேரச் சொல்லிக் கேளுங்க" என்றாள்.

"என்ன பாவம் தங்கச்சி?"

"அண்டைக்கு நீங்க சொன்னீங்களே. அந்த நாலாவது டியூப்ப நான்தான் உடைச்சன். றிப்னாஸ் வயித்துல ஏழு மாசம். பெருநாளைக்கு அலுமாரி துடைக்கக்குள்ள கை வழுக்கிட்டு. வெள்ளத் தூள் எல்லாம் கொட்டிச்சு. நான் வெறுங்கையால கூட்டி அள்ளினன் நானா. அந்தக் கையோட சோறும் தின்டன்."

நான் அலுமாரியைப் பார்த்தேன்.

"பத்தொம்பது வருசம் அல்லாஹ்ட நாட்டம் எண்டு இருந்தம். இப்பதான் தெரியும் என்ட கைதான் எண்டு. அவருக்கிட்டச் சொன்னன். அவரு எழும்பிக் கடக்கரைக்குப் போயிட்டாரு. மறைக்கப்படாது எண்டு புள்ளைக்கிட்டயும் எழுதிக் காட்டினன். அவன் ரெண்டு மாசமா வூட்டுல சோறு தின்டல்ல. யார்ட்டுலதான் படுக்கிறான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான், அந்த டியூப்பில் பாதரசம் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று. வாய் திறந்தது. வந்தது வேறு.

"கேக்கிறன் தங்கச்சி. கட்டாயம் கேக்கிறன்."

அவள் கொடுத்த பிளேன்ரீயையும் குடித்துவிட்டு வந்தேன். சீனி தூக்கலாகப் போட்டிருந்தாள்.

மூன்று நாள் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லாதவன் சொன்னதை ஏன் நம்ப வேண்டும்? அவளே வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாமே? பொருந்திவிட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே, தெரிந்து செய்ததும் அதற்குள் அடக்கம்தானே? கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நாற்பத்தொன்றாம் இலக்கத்தை எடுத்துத் துடைக்கலாம் என்று போய், குழாயின் மூடியைக்கூடத் திறக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஸும்ரா உம்ராவில் நான் உடுக்க வேண்டிய இஹ்ராம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையுறை போட்டதையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் மடித்த துணியைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள்.

"அவ பொருந்தினது உங்களுக்கு இல்ல" என்றாள். "ஒண்டும் செய்யாத ஒரு மனுசனுக்கு. அந்த மனுசன் நீங்க இல்லையே."

"மக்காவுல போய் அழுது கேக்கிறன்."

"அல்லாஹ்க்குச் செஞ்ச பிழைய அல்லாஹ்ட்டக் கேளுங்க. மனுசிக்குச் செஞ்சத மனுசிதான் பொருந்தணும். கஃபாட தெரயப் புடிச்சுக்கிட்டு அழுதாலும் அதுக்கு வேற வழி இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். மதரசாவில் ஆறு வயதில் படித்த பாடம்.

திங்கட்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று டியூப்பையும், மீற்றரையும், வயர் துண்டோடு ஒரு பிளக்கையும் பையில் போட்டுக்கொண்டு எத்தாளைக்குப் போனேன். பயணம் வியாழக்கிழமை. நிஸ்மியா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து குழாயை எடுத்து மூடியைத் திறந்ததும் அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"அத ஏன் நானா கொண்டுவந்தீங்க? புள்ள உள்ள இரிக்கி."

"இதுக்குள்ள ஒண்டும் இல்ல தங்கச்சி. பாதரசம் இல்ல. அண்டைக்கு நான் சொன்னது பொய்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. அதைப் போல என்னை வெட்கப்படுத்தியது வேறு எதுவும் இல்லை.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. நீங்க நல்ல மனம் உள்ள ஆளு."

இல்லை என்றேன். திண்டாடிப்போய் மீற்றரை எடுத்தேன். ஊசி எழும்புகிறதைக் காட்டினேன், இழையின் நிழலைக் காட்டினேன். வாசல் பிளக் பாயிண்டில் கொடுத்து எரித்தும் காட்டினேன், பாருங்கள், சோக் இல்லாமல் எரிகிறது, பாதரச டியூப் இப்படி எரியாது என்று. அவளுக்கு அதெல்லாம் வயரிங்காரனின் கதை. கை மட்டும் முந்தானையால் மூக்கை மூடியபடியே இருந்தது. கடைசியில் என் நாற்பத்தொன்றாம் இலக்கத்தைக் கையில் பிடித்து, கிணற்றுக் கட்டின்மேல் தட்டி உடைத்தேன். அவள் அலறவில்லை. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, மறுபக்கத்திலிருந்து, "நானா, கையக் கழுவுங்க, கையக் கழுவுங்க" என்றாள்.

அவளுடைய பயம் எனக்காக. நான் முற்றத்தில் நின்றேன். உள்ளங்கையில் வெள்ளைத் தூள். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க உள்ளே பூசுகிற பூச்சு அது, நஞ்சு இல்லை, ஆனால் அதை எப்படிக் காட்டுவது?

யன்னலால் பார்த்து அவள் சொன்னாள்: "அதே தூள்தான். அண்டைக்கும் இப்படித்தான் கையில ஒட்டிச்சு."

"இது சும்மா பூச்சு தங்கச்சி. நஞ்சு எங்க இரிக்கி, காட்டுங்க பாப்பம்."

"கண்ணுக்குத் தெரியாது எண்டு நீங்கதானே சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். பொய்யை அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன், எந்த மூலையிலும் ஓட்டை விடவில்லை. கட்டியவனாலேயே அதை உடைக்க முடியவில்லை. டியூப்பைப் பற்றி இனி எதைச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை என்று விளங்கியது. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

"நிஸ்மியா, கேளுங்க. நான் உங்கட டியூப்ப விரும்பினன். முதல்ல கேட்டன், தரமாட்டன் எண்டீங்க. காசு தாறன் எண்டன், வேணாம் எண்டீங்க. அப்ப புள்ள தவழ்ந்து வந்திச்சு. புள்ளயக் காட்டிப் பயங்காட்டினா தருவீங்க எண்டு அந்த நிமிசத்துல யோசிச்சன். கையுறை போட்டது நீங்க நம்பணும் எண்டுதான். மூக்குல லேஞ்சி கட்டினதும் அதுக்குத்தான். வூட்டுக்குப் போய்ச் சந்தோசத்துல விசிலடிச்சன். போன கிழம நீங்க அழுது சொல்லக்குள்ளயும் உண்மையச் சொல்ல எனக்கு வாய் வரல்ல, உம்ராவுக்குப் போற மனுசன் கள்ளன் எண்டு ஊர் சொல்லும் எண்டு பயந்தன். உங்கட கையில ஒண்டும் இல்ல. அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்ல."

உள்ளே பிள்ளை எதையோ தட்டி விளையாடுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, கிணற்றடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்தாள். விரலால் தூளைத் தடவி, விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இப்போது நம்பிவிட்டாள். அவ்வளவு கேவலமானதை ஒருவன் ஆறுதலுக்காகச் சொல்லமாட்டான்.

"எட்டு மாசம்" என்றாள். "ஒவ்வொரு தொழுகையிலயும் எட்டு மாசம்."

அவள் கண்ணாடித் துண்டைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள்.

"இத அவனுக்கு யாரு சொல்ற?"

"நான் சொல்றன். இப்பவே போறன்."

கற்பிட்டி யார்ட்டில் றிப்னாஸ் ஒரு போட்டின் வயிற்றுப் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்து கால் வரை பைபர் தூசி. என்னைக் கண்டதும் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தான், சலாம் சொல்லக் கையைத் தூக்கினான். நான் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, எழுத்து எழுத்தாகத் தட்டினேன். அவன் பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தேன். இரண்டு வரியில் என் பங்கு மறைந்து போகிறது. அழித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

அவன் வாசித்தான். மேலே தள்ளித் திரும்பவும் வாசித்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தாலும் நல்லது என்று இருந்தது. அவன் என் கையிலிருந்து போனை வாங்கிக் கடகடவென்று தட்டித் திரும்பத் தந்தான்.

"நான் உம்மாவோட கோபிச்சுப் போகல்ல. காது கேக்காதது எனக்கு ஒரு விசயமே இல்ல. அதச் சொன்னதுல இருந்து உம்மா என்னப் பாக்கிற நேரமெல்லாம் அழுறா. சோறு போடக்குள்ளயும் அழுறா. என்னப் பாத்தா அவக்கு உடைஞ்ச சாமான் மாதிரித் தெரியிது. அதப் பாக்க ஏலாமத்தான் வந்தன்."

இதை உன் உம்மாவுக்கு எழுதிக் காட்டினாயா என்று தட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். பிறகு இன்னும் ஒரு வரி தட்டினான். "எழுதினா அதுக்கும் அழுவா."

முகம் கழுவிக்கொண்டு வந்து பைக்கில் ஏறினான். எத்தாளை வரைக்கும் என் தோளைப் பிடிக்காமல் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டே வந்தான். குழி விழுந்த இடங்களில்கூடப் பிடிக்கவில்லை.

நிஸ்மியா வாசலில் நின்றாள். முற்றத்தில் ஒரு கண்ணாடித் துண்டும் இல்லை, எல்லாவற்றையும் கூட்டி அள்ளியிருந்தாள். மகனைக் கண்டதும் அவள் வாய் கோணியது. றிப்னாஸ் விரலைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் என் கையிலிருந்த போனை எடுத்து, தான் எழுதியதை அவளுக்கு முன்னால் பிடித்தான். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்துப் பிடிபடவில்லை. கையை நீட்டித் தூரத்தில் வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். உடைஞ்ச சாமான் என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

அழுவாள் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். அவள் அழவில்லை. மகனின் முகத்தை ஒரு கையால் பிடித்து, வெயிலுக்குத் திருப்பி, நேராகப் பார்த்தாள். எட்டு மாதமாக அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. காதுமடலில் ஒட்டியிருந்த பைபர் தூசியைத் தட்டிவிட்டாள். அவன் மேலும் தட்டவிடாமல் தலையை இழுத்துக்கொண்டு, பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி உள்ளே போனான்.

நான் மிச்சம் இருந்த இரண்டு டியூப்பையும் வாசல் கதிரையில் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"தங்கச்சி, வியாழக்கிழம போறம். நான் செஞ்சது இப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே..."

"நானா" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். "டியூப்பக் கொண்டுவந்து தந்துட்டீங்க. போன கிழம உங்களுக்குப் பொருந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னன். அதயும் தந்துட்டுப் போங்க."

அவள் காத்துக்கொண்டு நின்றாள். நான் அதைச் சொல்லும் வரைக்கும் நகரமாட்டாள் என்று தெரிந்தது.

"தந்துட்டன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் மகனுக்குச் சோறு போட்டாள்.